மறதிக்கு மருந்தா, மதிக்கு விலங்கா?

"மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்!"

இந்தச் சொற்றொடர் ஒலிக்காத வீடு உண்டா? இதைக் கூறாத நாவுதான் உண்டா? கடன் வாங்கியவன் கொடுத்தவனிடம் கூறுகிறான். மாணவன் ஆசிரியனிடம் கூறுகிறான். வாக்குப் பெற்று அரியணை ஏறியவன் வாக்களித்தவனிடம் கூறுகிறான். வாயால் அன்று, நடத்தையால்! மனிதன் பேசத் தொடங்கிய நாள்தொட்டு அவனோடு உடன்பிறந்து, உடன்வளர்ந்து, உடன்மூத்து வரும் குறை, மறதி.

அந்தக் குறைக்கு மருந்து கண்டுவிட்டோம் என்று முரசறைந்து வந்து நிற்கிறது இன்று ஒரு பொறி. சட்டைப் பைக்குள் அடங்கும் கைப்பேசி. அதனுள்ளே கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஏவலாள். காலை ஐந்து மணிக்கு எழுப்பு என்றால் எழுப்புகிறது. வெள்ளிக்கிழமை மின்கட்டணம் என்றால் வியாழனன்றே விரல்நீட்டி எச்சரிக்கிறது. வந்த மடலைப் படித்து, இதற்கு நீ இன்னும் மறுமொழி எழுதவில்லையே என்று இடித்துரைக்கிறது. பத்துப் பேர் கூடிச் செய்யும் பணியைப் பகுத்து, இன்னார் இதை முடித்தபின் இன்னார் அதைத் தொடங்குக என்று வரிசையும் வகுக்கிறது. 2011இல் ஆப்பிள் நிறுவனம் சிரி என்ற பேசும் துணையைக் கைப்பேசிக்குள் குடியேற்றிற்று. 2014இல் அமேசானின் அலெக்சா வந்தது. 2016இல் கூகுளின் உதவியாளன் வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கேட்டதற்கு விடை தருவதோடு நில்லாமல், கேளாததையும் எடுத்துக்கூறும் அளவுக்கு இந்த ஏவலாள் வளர்ந்துவிட்டான். அமெரிக்க மாளிகைகளில் மட்டுமன்று, திருச்சி - மதுரை நெடுஞ்சாலையோரம் நிற்கும் எங்கள் விராலிமலையில், தொழிற்சாலைக்கு முறைவேலைக்குச் செல்லும் இளைஞனின் இடுப்பிலும் அவன் ஒலியெழுப்புகிறான்.

பொறியைக் கண்டதும் நம் நாட்டில் இரு கூட்டம் எழுவது வழக்கம். ஒரு கூட்டம் கும்பிடும். மற்றொரு கூட்டம் குமுறும். கும்பிடுவோர், இனி மனிதனுக்கு மறதியே இல்லை என்கின்றனர். குமுறுவோரோ, "ஐயகோ! நினைவாற்றல் அழிந்தது! நம் பாட்டன் நூறு பாட்டை நெஞ்சிலே வைத்திருந்தானே! மயில்கூட மழையை மறப்பதில்லையே!" என்று புலம்புகின்றனர். மயில்கள் மலிந்த ஊரில் வாழ்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: மயிலுக்கு மின்கட்டணம் இல்லை!

இந்தப் புலம்பல் புதிதன்று. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ, ஃபீட்ரசு என்னும் உரையாடலில் சாக்ரட்டீசின் வாயிலாக ஒரு கதை கூறுகிறார். எகிப்து நாட்டில் தியூத்து என்றொரு தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்துத் தாமசு என்ற மன்னன்முன் கொண்டுவந்து பெருமையோடு வைத்தது. மன்னன் மகிழவில்லை. இதைக் கற்பவர் நெஞ்சிலே மறதிதான் வளரும், வெளியே உள்ள கீறல்களை நம்பி உள்ளே உள்ளதை இழப்பர், அறிவின் தோற்றத்தைப் பெறுவரேயன்றி அறிவைப் பெறார் என்று தள்ளினான். மன்னனுடைய வழக்கு வலிமையானதுதான். ஆயினும் அதை நாம் இன்று எப்படி அறிகிறோம்? பிளேட்டோ எழுதிவைத்ததால்! எழுத்தைப் பழித்த கதை எழுத்திலேறித்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து நம்மிடம் வந்திருக்கிறது.

கிரேக்கத்தில் இது தத்துவ ஐயம். நம் நாட்டிலோ அது தந்திரமாயிற்று. காதால் கேட்டு, வாயால் ஓதி, ஏட்டிலேற்றாது காத்த கல்விக்கு எழுதாக் கிளவி என்றே தமிழர் பெயர் வைத்தனர். எழுதினால் எவனும் படிப்பான். எவனும் படித்தால் எவனும் கேட்பான். கேள்வி பிறந்தால் கோட்டை சரியும். ஆகவே சிலர் நெஞ்சிலே மட்டும் பூட்டி, பலர் செவியிலே படாமற் பார்த்துக்கொண்டனர். நினைவாற்றல் அங்கே ஆற்றல் அன்று, ஆதிக்கம். பாட்டன் நூறு பாட்டை நெஞ்சிலே வைத்திருந்தான் என்று உருகுவோரை நான் கேட்கிறேன்: எந்தப் பாட்டன்? யாருடைய பாட்டனுக்கு ஓலையும் எழுத்தாணியும் கிட்டின?

1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, வயலில் நாற்று நட்டவளும், குவாரியில் கல் உடைத்தவளும் பலகை பிடித்தனர். எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அதுவரை கடன் கணக்கு எவன் நினைவில் இருந்தது? கொடுத்தவன் நினைவில்! அவன் நினைத்ததே தொகை, அவன் சொன்னதே வட்டி. தன் கையால் தேதியையும் தொகையையும் குறித்துவைக்கக் கற்றவள், அவன் நினைவுக்கு எதிராகத் தன் நினைவொன்றை நிறுத்தினாள். குறிப்பேடு என்பது என்ன? அதுவும் ஒரு நினைவூட்டும் பொறிதானே! ஆகையால், தோழர்களே, நினைவைப் புறத்தே ஒப்படைப்பது இழிவு என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. நம் விடுதலையின் ஒரு பகுதியே அந்த ஒப்படைப்பில்தான் தொடங்கிற்று.

இன்னும் ஒருபடி மேலே சென்றும் கூறலாம். தன் நினைவை மட்டுமே நம்புவது சில இடங்களில் குற்றமே ஆகும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில், ரைட் ஃபீல்டு என்னும் வானூர்தித் திடலில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு பொறி விமானம் சோதனைக்குப் புறப்பட்டது. ஓட்டியவர் கைதேர்ந்தவர். மேலெழுந்த விமானம் சற்று நேரத்திலேயே வீழ்ந்தது, இருவர் மாண்டனர். காரணம் பொறியின் பழுது அன்று. நிறுத்திவைக்கும்போது காற்றில் ஆடாதபடி வால்பகுதியைப் பிணைத்துவைக்கும் பூட்டைப் புறப்படுமுன் விடுவிக்க மறந்துவிட்டனர். விமானிகள் அதன்பின் என்ன செய்தனர்? நினைவாற்றலுக்கு நோன்பு நோற்றனரா? இல்லை. புறப்படுமுன் பார்க்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். அதே வகை விமானங்கள் பின்னர் ஆயிரக்கணக்கில் பறந்தன.

அறுவை மருத்துவர்கள் இந்தப் பாடத்தைக் கற்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2008இல் உலக சுகாதார நிறுவனம் 19 வினாக்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளி இவர்தானா, அறுக்கவேண்டிய இடம் இதுதானா, பஞ்சும் ஊசியும் எண்ணப்பட்டனவா என்பன போன்ற எளிய வினாக்கள்தாம். புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்து, முடிவை 2009இல் அறிவித்தனர். அறுவைக்குப் பின் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. "எனக்கா நினைவூட்டுகிறாய்? இருபதாண்டு அனுபவம் எனக்கு!" என்று முகம் சுளித்த மருத்துவர்களும் உண்டாம். அந்தச் சுளிப்பு எனக்குப் பழக்கமானது. பிறப்பாலே அறிந்தவன், பரம்பரையாலே தெரிந்தவன் என்று நம்மூரில் தோளைத் தட்டிக்கொள்வோர் முகத்தில் நாளும் காண்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட தம்பிதான் அது!

ஆகவே பொறி வேண்டுமா, வேண்டாமா என்பது நம் வழக்கே அன்று. வழக்கு வேறிடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் முதன்முதல் பெருவழக்காய்ப் பரவிய நினைவூட்டி எது? கைப்பேசி அன்று, கடிகாரமும் அன்று. பஞ்சாங்கம்! இன்று இன்ன திதி, இன்ன விண்மீன், இந்த நாழிகை ஆகாது, அந்த நாழிகை ஆகும் என்று ஆண்டு முழுமைக்கும் வேலைப் பட்டியல் போட்டுத் தந்த ஏடு அது. அதைப் படித்துச் சொல்ல ஒருவன் இருந்தான். தகப்பன் இறந்த நாளை மகனுக்கு நினைவூட்டினான். மகளுக்கு மணநாள் குறித்தான். வீட்டுக்குக் கால்நாட்டும் நேரத்தைக் கணித்தான். நினைவூட்டியதற்குத் தட்சணை, மறந்ததற்குப் பரிகாரம், பரிகாரத்துக்கும் தட்சணை! வாழ்ந்தவன் ஒருவன், வாழ்வின் நாட்குறிப்பு மற்றொருவன் கையில். நாட்குறிப்பு எவன் கையில் இருக்கிறதோ, அவன் வீட்டுக்காரனுக்கும் மேற்பட்ட வீட்டுக்காரன். இதனால்தான் சுயமரியாதை இயக்கம் மணமேடையிலிருந்து புரோகிதனை இறக்கிற்று. நாளையும் நேரத்தையும் மணமக்களே தேர்ந்தனர். இராகு காலத்திலும் மணம் முடித்துக் காட்டினர். 1967இல் அண்ணாவின் அரசு அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கியபோது, வெறும் சடங்கு மட்டுமா மாறிற்று? நாட்குறிப்பின் உரிமை கைமாறிற்று!

இன்று காணுங்கள் ஒரு விந்தை. கணிப்பொறி அறிஞர் இரவுபகலாய் உழைத்துச் செய்த கைப்பேசிக்குள், பஞ்சாங்கச் செயலி ஏறி அமர்ந்துகொண்டு, "இராகு காலம் தொடங்குகிறது" என்று மணியடிக்கிறது! விண்வெளியில் சுற்றும் செயற்கைக் கோளின் துணையோடு, விண்வெளியில் இல்லாத கோளுக்கு எச்சரிக்கை. பொறி புதிது, புரோகிதம் பழையது. அறிவியல் கருவியைக் கையில் ஏந்தியதால் மட்டும் அறிவியல் உள்ளம் வாய்த்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இங்கே பகுத்தறிவாளர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "பஞ்சாங்கம் பொய் சொல்லிற்று, விலக்கினோம். கைப்பேசி மெய் சொல்கிறது, ஏற்கிறோம். இதிலே என்ன சிக்கல்?" சிக்கல் பொய்யிலும் மெய்யிலும் மட்டும் இல்லை. எவன் ஏவுகிறான், எவன் ஏவப்படுகிறான் என்பதிலும் இருக்கிறது.

கிரேக்கக் காவியத் தலைவன் ஒடிசியசு கடற்பயணம் செய்கையில், பாட்டால் மயக்கிப் பாறையில் மோதவைக்கும் மாயமகளிர் வாழும் தீவைக் கடக்கவேண்டியிருந்தது. தோழர்களின் காதுகளை மெழுகால் அடைத்தான். பாட்டைத் தான் கேட்க விரும்பியதால், தன்னைப் பாய்மரத்தோடு கட்டச்செய்து, "நான் கெஞ்சினாலும் அவிழ்க்காதீர்" என்று முன்கூட்டியே ஆணையிட்டான். கப்பல் தீவைக் கடந்தது. அவன் உடலைக் கட்டியது கயிறு. ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டியது அவன் அறிவு. அவன் கைதி அல்லன். தெளிந்த நேரத்து அறிவு, தடுமாறும் நேரத்து மனத்துக்கு இட்ட ஆணை அது. இரவிலே நிதானமாய்ச் சிந்தித்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து படிப்பேன் என்று முடிவுசெய்து, கைப்பேசியில் மணி வைத்து உறங்கும் இளைஞனும் ஒரு சிறிய ஒடிசியசுதான். அதிகாலை மணியொலியில் அவன் கேட்பது தன் குரலையே.

சிலர் ஒழுக்கவியல் பேசுவர்: "மணியடித்ததால் எழுந்தவனுக்கு என்ன பெருமை? பொறி சொல்லித்தானே வாக்கைக் காத்தான்?" இந்த வாதம் எனக்கு உவப்பாயில்லை. வாக்கு நினைவுக்கு வந்ததற்குப் பொறி காரணமாயிருக்கலாம். காக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு அவனே காரணம். மணி வைத்த கையும் அவனுடையது, மணியை நிறுத்தி மீண்டும் உறங்காதிருந்த மனமும் அவனுடையது.

ஆனால் அதே கயிற்றை வேறொருவன் கொண்டுவந்து, வேறொருவன் முடிச்சிட்டு, அவிழ்க்கும் முனையையும் வேறொருவன் பிடித்துக்கொண்டால்? அப்போது பாய்மரம் கழுமரமாகிறதே!

1911இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர், அறிவியல்முறை மேலாண்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆலைத் தொழிலாளி எந்த வேலையை, எந்த வரிசையில், எத்தனை நிமிடத்தில் செய்யவேண்டும் என்று மேலதிகாரிகள் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். தொழிலாளி அதன்படி செய்யவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. சிந்திப்பது ஓரிடம், செய்வது ஓரிடம்! இதைப் படித்தபோது, அமெரிக்கப் பொறியாளர் எங்கோ மனுவைச் சந்தித்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றிற்று. தலையிற் பிறந்தவன் நினைப்பான், காலிற் பிறந்தவன் உழைப்பான் என்ற ஏற்பாட்டை, நிறுத்துக் கடிகாரம் கொண்டு புதுப்பித்தாற்போல் அல்லவா இருக்கிறது! இன்றைய வேலை ஒழுங்குச் செயலிகள் பல டெய்லரின் பேரப்பிள்ளைகளே. உணவுப் பொட்டலம் சுமந்து வெயிலிலே வண்டி ஓட்டும் இளைஞனுக்கு, அடுத்து எங்கே, எத்தனை நிமிடத்தில் என்று கைப்பேசி கூறுகிறது. ஏன் இந்த வழி, ஏன் இந்தக் கூலி என்று அவன் திருப்பிக் கேட்டால் கூறுவதில்லை.

நம் ஊர்ப்புறத்து எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறுநாள் வேலையில், 2021இல் ஒரு கைப்பேசிச் செயலியை ஒன்றிய அரசு புகுத்திற்று. 2023 சனவரி 1 முதல் அது பொதுக் கட்டாயமாயிற்று. வேலைக்கு வந்தவர்களை நாளொன்றுக்கு இருமுறை படமெடுத்து ஏற்றவேண்டும். கண்மாய்க் கரையில் மண்வெட்டி பிடித்த மூதாட்டி, படத்தில் விழுந்தால்தான் வந்தவள். அலைவரிசை கிட்டாமற் போனாலோ, வந்தும் வராதவள்! முறைகேட்டைத் தடுக்க என்றனர். தடுக்கட்டும், பொய்க் கணக்கு எழுதுவோருக்காக நாம் வாதாட வரவில்லை. ஆயின், அதே சட்டம் மற்றொன்றும் கூறிற்றே! வேலை செய்த பதினைந்து நாளுக்குள் கூலி தரவேண்டும், தாழ்த்தினால் ஈட்டுத்தொகை தரவேண்டும் என்று கூறிற்றே! உழைத்தவள் வந்தாளா என்று நாளுக்கு இருமுறை நினைவூட்டும் பொறி, பதினைந்து நாள் கடந்துவிட்டது, கூலி எங்கே என்று ஆட்சியாளர் தலைமாட்டில் மணியடித்ததுண்டா? ஏழையின் கடமைக்குக் கூர்மையான நினைவு. அரசின் கடமைக்குக் குறட்டை! பொறிக்கு மறதி இல்லை என்பது உண்மைதான். எதை நினைக்கவேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்தவனுக்கு மறதி உண்டு, வசதியான மறதி.

வள்ளுவர் பொச்சாவாமை என்று மறதிக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நூலிலே அது 54ஆம் அதிகாரம். எங்கே வைத்தார்? மாணவனுக்குக் கூறும் கல்வி அதிகாரத்தின் பக்கத்திலா? இல்லை. அரசியலில், செங்கோன்மைக்கு நேர்முன்னே வைத்தார். மிகுந்த மகிழ்ச்சியிலே தோன்றும் மறதி, மிகுந்த சினத்தைவிடத் தீது என்கிறார். அரண்மனை களிப்பில் மூழ்கும்போது எவை மறந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அரண்மனையை விட்டு அடுக்களைக்கு வருவோம். "எனக்கு நினைவுபடுத்தவில்லையே நீ!" என்று கணவன் மனைவியைக் கடிந்துகொள்ளும் காட்சி நம் வீடுகளில் அரிதோ? பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமனாரின் மருந்து, மாமியாரின் பத்தியம், பால் கணக்கு, எரிவாயு உருளை, நாத்தனார் வீட்டு விழா, யாவும் அவள் தலைக்குள். அவன் மறந்தால் அது மறதி. அவள் மறந்தால் அது பொறுப்பின்மை! ஊதியமின்றி, ஓய்வின்றி, ஒலியெழுப்பும்போதெல்லாம் ஏச்சும் பெற்றுக்கொண்டு, குடும்பம் என்ற நிறுவனத்தின் நினைவூட்டும் பொறியாய்ப் பெண் இயங்கிவருகிறாள். மேனாட்டார் பொறிக்குக் குரல் கொடுக்கவேண்டி வந்தபோது எவர் குரலைக் கொடுத்தனர்? அலெக்சா பேசியது பெண் குரலில். அமெரிக்காவில் சிரி அறிமுகமானதும் பெண் குரலில். ஏவினால் செய்வதும், ஏசினால் பொறுப்பதும் பெண்ணே என்ற பழைய எண்ணத்தை இந்தக் குரல்கள் உரமூட்டி வளர்க்கின்றன என்று ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெசுகோ 2019இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. அறிக்கை எழுதினோர் நம் அடுக்களைகளைப் பார்த்திருந்தால், அலெக்சாவுக்கு மூத்த அக்காள்மார் கோடிக்கணக்கில் இங்கே இருப்பதைக் கண்டிருப்பர்.

விராலிமலையில் வாழும் ஒருவன் இந்தப் பொருள்பற்றி எழுதும்போது, மலைமேல் இருக்கும் கோவிலைப் பாராமல் எழுத இயலாது. அந்த முருகன் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட 32 பெண்கள் இருந்தனர். இறைவனுக்கு இன்ன வேளையில் இன்ன பாட்டு, இன்ன ஆட்டம் என்று காலமுறை வகுக்கப்பட்டிருந்தது. வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். படியேறி, ஆடி, பாடி, இறங்கி, மறுபடி ஏறுவது அவர்கள். அவர்களுடைய உடலே கோவிலின் கடிகாரமாய் இருந்தது! பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க எழுந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார், 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். இயக்கத்தின் உள்ளிருந்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமையைத் தோலுரித்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் பிறந்தது. வகுத்தவன் பட்டியல் கிழிந்தது, நன்றே கிழிந்தது.

ஆயினும், பட்டியலோடு கலையும் கிழிந்ததா? அந்த 32 பேருள் கடைசியாய் எஞ்சிய கலைஞர் எனப் போற்றப்படும் முத்துக்கண்ணம்மாள் அம்மையாருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஏழு வயதிலே பொட்டுக்கட்டப்பட்டவர். எண்பது வயதைக் கடந்த நிலையிலும், பாட்டும் அடவும் அவர் நாவிலும் காலிலும் நின்றன. அம்மையாரிடம் இருவகை நினைவுகளைக் காண்கிறேன். வேளைக்கு வேளை படியேறவேண்டும் என்பது ஒரு நினைவு. அது பிறர் அவர்மீது சுமத்தியது, சட்டத்தால் வீழ்ந்தது, வீழ்ந்ததில் நமக்கு மகிழ்ச்சி. சதிராட்டத்தின் அடவும் பதமும் மற்றொரு நினைவு. அது பயிற்சியால் அவர் தமதாக்கிக்கொண்டது, அவருடைய ஆற்றல், எந்தச் சட்டமும் தொடாதது. முன்னதை ஒரு பொறியிடம் ஒப்படைத்திருந்தால் அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. பின்னதை ஒப்படைத்திருந்தால், படச்சுருளில் ஆட்டம் இருந்திருக்கும், ஆடுபவர் இருந்திருக்கமாட்டார்.

"வாய்பாடு எதற்கு, ஐயா? கைப்பேசிக்குத்தான் தெரியுமே" என்று என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான். துடுக்கு என்று அவனை அமர்த்திவிடுவது எளிது. ஆனால் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கேட்டபின் அதட்டுவது நம் கொள்கைக்கு அழகன்று. அவனிடம் ஒன்று கேட்டேன்: "கடைக்காரர் கிலோ நாற்பத்தைந்து ரூபாய் வீதம் எட்டுக் கிலோ அரிசிக்கு நானூற்றிருபது ரூபாய் என்று கூறினால், உனக்கு ஐயம் எழுமா?" கணக்குப் போட்டுப் பார்த்து, "ஏமாற்றுகிறார்" என்றான். "கைப்பேசியில் பார்த்தால் விடை கிட்டும். ஆனால் பார்க்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவேண்டுமே! அது எங்கிருந்து தோன்றும்?" என்றேன். சற்றுச் சிந்தித்தான். "உள்ளே கொஞ்சம் இருந்தால்தான் தோன்றும்" என்றான். நான் கூற நினைத்ததை என்னைவிடச் சுருக்கமாய்க் கூறிவிட்டான்.

நாளையும் மணியையும் பொறியிடம் கொடுக்கலாம், தாராளமாய்க் கொடுக்கலாம். எதற்காக அந்த நாள், எதற்காக அந்தப் பணி என்ற காரணத்தைக் கொடுக்கலாகாது. புதிய வகைத் துணைகள் காரணத்தையும் கேட்கின்றன என்பதே என் அச்சம். நண்பனின் தாய் இறந்த செய்தி வந்ததும், இரங்கல் மடலை நானே எழுதித் தரவா என்று பொறி வினவுகிறது. எழுதியும் தருகிறது, பிழையின்றி! பெற்றவன் அதைப் படித்துக் கண்ணீர் விடுவான். அனுப்பியவன் அதை முழுதும் படித்திருக்கவும் மாட்டான். இன்று உனக்கு எது முதன்மையான வேலை என்பதையும் அதுவே வரிசைப்படுத்துகிறது. தோழர் ஒருவர் வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு வருவதாய் ஒப்புக்கொண்டிருந்தார். அதே மாலை அலுவலகப் பணியொன்றும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். எதை மேலே வைக்கும் பொறி? எந்த அளவுகோலால் வைக்கும்? அந்த அளவுகோலைச் செய்தவன் எவன், அவனுக்கு ஊதியம் தருபவன் எவன்? பஞ்சாங்கக்காரனிடம் நம் பாட்டன் கேட்கத் தவறிய கேள்விகள் இவை. பேரன் கேட்டாகவேண்டும்.

கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவரின் வேலையை எண்ணிப் பாருங்கள். கருவுற்ற பெண்களையும் பிறந்த குழந்தைகளையும் பதிந்துவைக்கப் பிக்மி என்னும் மென்பொருள் நம் மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று தடுப்பூசி நாள்கள் வருகின்றன. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் நாள்களை ஒரு பெண் தன் தலையில் சுமக்கவேண்டிய தேவை இல்லை. பொறி சுமக்கட்டும்! அதனால் ஓர் உயிர் பிழைத்தால், அந்தப் பொறிக்கு மாலையிட நான் அணியமாயிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டில் ஊசி வேண்டாம் என்று கதவடைக்கிறார்கள். பட்டியலில் அந்தக் குழந்தையின் பெயர் நிலுவையாய் நிற்கிறது. கதவு ஏன் அடைபட்டது என்று பட்டியலுக்குத் தெரியாது. சென்ற முறை ஊசிக்குப்பின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும், பாட்டி அஞ்சியதும், அடுத்த தெருவில் ஒருவன் வதந்தி கிளப்பியதும் செவிலியருக்குத் தெரியும். ஊசிக்குப்பின் இலேசான காய்ச்சல் வருவது இயல்பே என்று பாட்டியின் அருகே திண்ணையில் அமர்ந்து, அரைமணி நேரம் பேசிப் புரியவைக்கிறார். மறுவாரம் கதவு திறக்கிறது.

அந்த அரைமணி நேரத்தைக் குறிக்கவும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். அதை எங்கே வைக்கவேண்டும், எப்படி எழுதவேண்டும் என்று செவிலியரைக் கேட்டு எழுதவேண்டும். செயலி செய்வோரும் செய்யச்சொல்வோரும் கூடும் அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி நாம் கேட்போம். நூறுநாள் வேலையில் மண்வெட்டி பிடித்த மூதாட்டிக்கும், வெயிலில் வண்டி ஓட்டும் இளைஞனுக்கும் சேர்த்தே கேட்போம்.